வெள்ளித் தட்டில் உபசாரம்

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்த ஒரு வீட்டில், கரண்டிகளுக்காக ஏசி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்றில் வெள்ளி கறுத்துவிடுமாம். அதற்கென்று தனி அறை, கண்ணாடி அலமாரிகள், தட்டுக்குத் தட்டு இடையில் மெல்லிய துணி, ஈரத்தை உறிஞ்ச மூலைக்கு மூலை சாக்பீஸ் துண்டுகள். வெளியே கேட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்த காவலாளிக்கு ஒரு மின்விசிறிகூட இல்லை.

என் மகள் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த பையனின் வீடு அது. இருவருக்கும் ஓ.எம்.ஆரில் ஒரே அலுவலகம். நாங்கள் இருப்பது புதுப்பட்டினத்தில். நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை, கணவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். என் அப்பாவும் கணவரின் அப்பாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு அறுப்பறுத்தவர்கள். ஊர் டீக்கடையில் அவர்களுக்கென்று தனி டம்ளர் இருந்தது. குடித்ததும் அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். மகளிடம் இதை நாங்கள் மறைத்ததில்லை. பையன் வீட்டுக்கும் எல்லாம் தெரியும், அவர்களுக்குச் சம்மதம்தான் என்றாள். அந்தச் சம்மதம் எப்படிப்பட்டது, நாளைக்கு என் பெண்ணை அந்த வீட்டில் எங்கே உட்கார வைப்பார்கள் என்பதுதான் என் கவலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். வந்ததும் சிரித்துக்கொண்டே சொல்வாள்: அவர்களெல்லாம் எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிடுகிறார்கள், தனக்கு மட்டும் வெள்ளித் தட்டு, வெள்ளி டம்ளர். என் கவலைக்கு அது பதிலாக இருந்தது. பள்ளியில் ஆசிரியர் அறையில்கூடப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தேன்.

பேசி முடிக்க நாங்கள் போன அன்று, பையனின் அம்மா எங்களை நேராக அந்த அறைக்குத்தான் கூட்டிப்போனார். உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே ஒவ்வொரு கரண்டியாகப் புரட்டி அடியில் இருந்த முத்திரையைக் காட்டினார். ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு என்று எனக்குப் பாடம் எடுத்தார். எல்லாம் வெளிநாட்டு ஏலங்களில் எடுத்தவை. நம் ஊர்க் கடைகளில் விற்பது அவர் கணக்கில் வெள்ளியே இல்லை. பல கரண்டிகளின் காம்பில் யாரோ செத்துப்போன துரைசானிகளின் பெயரெழுத்துகள். அடுத்தவர் வீட்டுப் பெயரை இவ்வளவு அக்கறையாகத் துடைத்து வைப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு பெட்டியில் வெல்வெட்டுக்கு மேல் மீன் சாப்பிடும் கத்திகள் படுத்திருந்தன. அந்த வீட்டுப் படியை மீன் மிதித்ததே இல்லை. அவர்கள் தெருவில் மீன்காரம்மா கூடையோடு நுழையக்கூடக் கூடாது. கணவர் என் காதோரம் குனிந்தார். "இன்னா டீச்சர், இத்த வச்சி ஒரு நெத்திலியக்கூட திருப்ப முடியாது போலகீதே."

சாப்பாட்டு மேஜையில் எங்கள் மூவருக்கும் வெள்ளித் தட்டு. அவர்களுக்கு எவர்சில்வர். விருந்தாளியைத் தாங்குகிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டால், பெண்கள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவோம். ஒட்டுறவுக்கு அது அடையாளம். நானும் என் தட்டைத் தொட்டியில் போட்டுத் தேய்க்க நாரைத் தேடினேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து அன்பாகத்தான் தடுத்தார்.

"வைங்க, வைங்க. இதைத் தேய்க்கவே வேண்டாம், தண்ணியில காட்டினாப் போதும். வெள்ளிக்குத் தீட்டு கிடையாது. எங்க மாமியார் காலத்துல வெளியாளுங்க வந்தா கொல்லைப்பக்கம், இலையிலதான். நான்தான் மாத்தினேன். யார் வந்தாலும் மேஜையில, வெள்ளியில. அதுக்காகத்தானே இதெல்லாம் சேர்க்கவே ஆரம்பிச்சேன்."

தன்னைப் பாராட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எவர்சில்வரில் சாப்பிட்டிருந்தால் அந்தத் தட்டை அவர்களால் மறுபடி தொட முடியாது. வெள்ளியென்றால் ஒருமுறை தண்ணீரில் காட்டினால் முடிந்தது. இத்தனை ஏலம், இத்தனை முத்திரை, இரவும் பகலும் ஓடும் ஏசி, எல்லாம் எங்கள் எச்சிலுக்குப் பயந்து. டீக்கடைக்காரர் பரவாயில்லை. அவர் அதை உபசாரம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

எப்படி விடைபெற்றேன் என்பது நினைவில்லை. மகள் அங்கேயே சற்று இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். வழியில் கணவரிடம் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளியே தலையை நீட்டி வாயைக் கொப்பளித்தார். பிறகுதான் வண்டியை எடுத்தார்.

மகள் வந்ததும் அந்த வெள்ளித் தட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தெரியும்மா. அவன் மொதல்லயே சொல்ட்டான். அம்மா அப்டிதான், கண்டுக்காதன்னான். நாங்க இன்னா அங்கியா குடித்தனம் பண்ணப் போறோம்? கேளம்பாக்கத்துல ஃபிளாட் பாத்துகினு கீறோம்."

"அப்ப எங்ககிட்ட ஏன் சிரிச்சிகினு வந்து சொன்ன?"

"வெள்ளித் தட்டுன்னதும் நீ எவ்ளோ சந்தோஷப்பட்ட."

தெரிந்தே அவள் அத்தனை வாரம் அதில் சாப்பிட்டிருக்கிறாள். எங்களுக்காக அதை ஒரு பெருமையாக மாற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: உன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் எதில் சாப்பிடுவான்? அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனவள் மதியமே திரும்பிவிட்டாள். கணவர் தட்டு வைத்ததும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நாங்கள் கேட்கவில்லை, அவளே சொன்னாள். தனக்கும் எவர்சில்வர் தட்டே போதும் என்று கேட்டாளாம். அந்த அம்மா சிரித்து, விருந்தாளிக்கு எவர்சில்வர் வைத்தால் தனக்குத்தான் மரியாதைக் குறைவு என்றாராம். இவள் பையனிடம் திரும்பி, உன் தட்டை எனக்குக் கொடு, நீ வெள்ளியில் சாப்பிடு என்றாளாம்.

"அவன் இன்னா பண்ணான்?" என்றார் கணவர்.

"அவங்க அம்மாவப் பாத்தான். அப்றம் அவன் எவர்சில்வர் தட்டுலயே ரசம் ஊத்திகினான்."