கரையேற்றப்பட்ட சகாயமேரி டீச்சர்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது சகாயமேரி டீச்சரின் மகள் அழைத்தாள். “மாமா, அம்மா போயிட்டாங்க.” ஏற வேண்டிய பேருந்தை விட்டுவிட்டேன்.

திண்டுக்கல்லில் ஒரே பள்ளியில் அவர் உயிரியல், நான் இயற்பியல். ஆசிரியர் அறையில் நான் பேசாதவர்களே அதிகம். “இன்னைக்கு யாரோட கா, தம்பி?” என்று கேட்டபடிதான் பக்கத்தில் வந்து உட்காருவார். அவருக்கு யார்மீதும் கோபம் நின்றதில்லை. எனக்கு அதுவே எரிச்சல்.

சர்க்கரை நோய் அவருடைய கண்களைத் தின்றது. பாடம் முழுவதும் மனத்தில் இருந்ததால் பிள்ளைகளுக்குக் குறையில்லை. யாரோ புகார் சொல்ல, தலைமையாசிரியர் ஒருநாள் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தார். வகுப்பு டீச்சரிடம் நீடிக்குமா என்பது அன்று தீர்மானமாகும். நான் வராந்தாவில் நின்றேன்.

“கங்கை டால்பினும் நீர்க்காகமும் முங்கித்தான் மீன் புடிக்கும். ரெண்டும் மூச்சுக்கு மேல வரணும். நீர்க்காகம் கண்ணால தேடும். இந்த டால்பினுக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. தான் போட்ட சத்தம் திரும்பி வர்றத வச்சே மீனைக் கண்டுபிடிச்சிரும்.”

“அப்ப அது உங்க கட்சியா டீச்சர்?” என்றான் ஒருவன்.

“ஏலே செபாஸ்டின், ஒன் எடம் ரெண்டாவது பெஞ்சுல்ல? கடைசில ஒக்காந்து என்னா பேச்சு?”

சிரிப்பு வெடித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் போய்ப் புத்தகத்தை நீட்டி, ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். டீச்சர் அதை வாங்கி, மூடி, மேசைமேல் வைத்தார்.

அவரை நூலகத்துக்கு மாற்றினார்கள். பார்வை போனவருக்கு நூலகம்! நான் சண்டைக்குக் கிளம்பினேன். டீச்சர் தடுத்தார்.

“அவரு நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்றாரு, தம்பி. ரெஸ்ட் எடுங்கங்கிறாரு. நீர்க்காகம்னா சரி, கரையேறிச் சிறகக் காயவச்சுக்கிரும். டால்பினும் காத்தத்தான் சுவாசிக்குது. ஆனா கரையில போட்டா, தன் கனத்துலயே நசுங்கிப் போகும்.”

அதற்குமேல் அவர் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஓய்வு பெறும்வரை, மணி அடித்ததும் நூலக வாசலுக்கு வந்து நிற்பார். கடந்துபோகும் பிள்ளைகளைக் குரல் கேட்டுப் பேர் சொல்லி அழைப்பார். நின்று பேச அவர்களுக்கு நேரமிருக்காது.

கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அர்ப்பணிப்பைப் பற்றி அதே தலைமையாசிரியர் உருக்கமாகப் பேசினார். பிறகு என் பக்கம் வந்து கை நீட்டினார். பிடித்துக்கொள் என்றுதான் டீச்சர் சொல்லியிருப்பார். நான் குனிந்து இரண்டு கைகளிலும் மண் அள்ளிக்கொண்டேன். குழிக்குள் போடவும் மனம் வரவில்லை.

போய் வாருங்கள், டீச்சர். உங்கள் பெருந்தன்மை உங்களோடு போகட்டும். உங்களைக் கரையில் போட்டதை என்னால் மன்னிக்க முடியாது.