மலர்கொடியின் நானூறு வாத்துகள்

ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் மலர்கொடிக்கு உடம்பு அரிக்கும். குழம்பு கொதிக்கும்போதே வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பாள். தெருவைப் பார்க்கும்போதே கொடியில் கிடக்கும் துணியைத் திருப்பிப் போடுவாள். இப்படிப்பட்டவள் ஏரிக்கரையில் நின்று பறவை பார்க்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? நெய்வேலி இருபத்தோராம் பிளாக்கில் முதலில் ஒருவரும் நம்பவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அவள் கணவன் குமரவேலின் ஷிப்ட்தான். மைன்ஸில் பர்மனன்ட் ஆள். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்குவான், அப்போது வீட்டில் ஒரு கரண்டி விழக் கூடாது. மலர்கொடி கையில் கரண்டி விழாமல் இருக்குமா? ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் போர்வைக்குள்ளிருந்தே கும்பிட்டுவிட்டான்.

"தாயே, எங்கியாவது போய்ட்டு வா. ரெண்டு மணி நேரம் தூங்கிக்கிறேன்."

ஸ்கூட்டரை எடுத்தவள் சேத்தியாத்தோப்புப் பக்கம் வாலாஜா ஏரிக்கரையில் போய் நின்றாள். மார்கழிப் பனி. தண்ணீரில் கூர்வால் நீட்டிக்கொண்டு நூறு நூறாய் வாத்துகள். ஊசிவால் வாத்து என்று பெயர், குளிர் தேசத்திலிருந்து வருபவை என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று அரை மணி நேரம் அசையாமல் நின்றிருந்தாள். அது அவளுக்கே ஆச்சரியம்தான்.

பிறகு பைனாகுலர் வந்தது, படப் புத்தகம் வந்தது, மாவட்டப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவும் வந்தது. பொங்கல் விடுமுறையில் குழுவினர் ஏரி ஏரியாகப் போய்ப் பறவைகளை எண்ணுவார்கள். ஐந்து வருடம் அவளைப் பின்னால் நடக்கத்தான் விட்டார்கள். 'அந்தம்மா பறவைய விட வேகமாப் பறக்கும்' என்று ஒரு பேச்சு உண்டு. அது அவள் காதுக்கும் வந்து உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வருடம்தான் குழுவை நடத்தும் பண்ருட்டிக் கல்லூரி ஆசிரியர் சிவப்பிரகாசம் ஏரியின் வடகரையை அவள் பெயரில் எழுதினார். ஒழுங்காக எண்ணிக் கொடுத்தால் கரை அவளுக்கு. சொதப்பினால் பழையபடி பின்னால் நடக்க வேண்டியதுதான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியலில் பனி கொட்டியது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜுல்பிகர் குறிப்பெழுதக் கூட வந்திருந்தான். அவன் நோட்டைத் திறப்பதற்குள் அவள் கரையில் நாலு தடவை மேலும் கீழும் நடந்துவிட்டாள். நத்தைக்குத்தி நாரை முப்பத்தொன்று. நாமக்கோழி இருநூற்றுப் பத்து. வருடம் தவறாமல் வரும் ஊசிவாலைத்தான் காணோம். நவம்பரிலிருந்து பத்துத் தடவை வந்து பார்த்தாகிவிட்டது, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இன்றும் இல்லாமல் போனால்? பைனாகுலரை மறுபடி தூக்கினாள்.

அப்போதுதான் பனிக்குள் எதிர்மூலையில் பழுப்பாக ஒரு கும்பல் அசைந்தது. வாத்துகள். தண்ணீர் தெரியாத அளவுக்கு நெருக்கம்.

"வந்துடுச்சு ஜுல்பி. நானூறு இருக்கும், எழுது."

"பனி வெலகட்டும்க்கா."

"அதுக்குள்ள பறந்துடும். நீ எழுது."

அவன் எழுதி முடிக்கும் முன்பே குழுவில் போட்டுவிட்டாள்: ஊசிவால் வாத்து, நானூறு. பாராட்டுகள் கொட்டின. கடலூர்க்காரர்கள் காரை எடுத்துவிட்டார்கள். தானும் வந்துகொண்டிருப்பதாக சிவப்பிரகாசம் எழுதினார்.

ஏழரைக்கு வெயில் வந்தது. வாத்துக் கும்பலுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றிருந்தான். தலையில் துண்டு, கையில் நீளக் கம்பு. கம்பால் தண்ணீரை ஒரு தட்டுத் தட்டிக் குரல் கொடுத்தான். நானூறும் சமர்த்தாகக் கரையேறி, அறுத்த வயலைப் பார்த்து நடந்தன. முட்டைக்கு வளர்க்கிற வாத்துகள்.

மலர்கொடிக்கு முகம் எரிந்தது. இதைவிட ஏரியிலேயே விழுந்திருக்கலாம் போல இருந்தது.

"டெலிட் பண்ணிடுங்கக்கா" என்றான் ஜுல்பிகர்.

"எல்லாரும் பாத்துட்டாங்க."

"அப்போ பறந்து பூடுச்சுன்னு சொல்லுங்க. யாரு கேக்கப்போறா?"

சொல்லலாம்தான். அப்படியே தட்டினாள், அழித்தாள், கரைக்கோடிவரை நடந்து திரும்பினாள். ஊசிவால் வந்ததென்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். வரவில்லை என்பதை இவள் ஒருத்தி சுமந்துகொண்டு திரிய வேண்டும். ஒரு சேதியை அரை நாள் வயிற்றில் வைத்திருக்க முடியாதவள் அதை வருடக்கணக்கில் எப்படி வைத்திருப்பாள்? எழுதினாள்: 'தப்பு. மேய்க்கிற வாத்து. அவசரப்பட்டுட்டேன்.'

பாராட்டுகள் நின்றன. யாரோ ஒருவர் மட்டும் சிரிக்கிற படம் போட்டார்.

சிவப்பிரகாசம் வண்டியை நிறுத்துவதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"கரைய வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்."

அவர் அவளுடைய பைனாகுலரை வாங்கி ஏரியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகப் பார்த்தார்.

"ஊசிவால் ஒண்ணுகூட இல்லியாம்மா?"

"நவம்பர்லேந்து பத்துத் தரம் வந்துட்டேன் சார். இல்லீங்க."

ஜுல்பிகரின் நோட்டை வாங்கிப் பேனாவோடு அவளிடம் நீட்டினார். "நானூற அடிச்சிட்டு நீங்களே எழுதுங்க. மத்ததெல்லாம் நீங்க எண்ணுனதுதான், நான் திருப்பி எண்ணப்போறதில்ல. அடுத்த வருசமும் இந்தக் கரை உங்களுதுதான்."

ஐந்து வருடமாக அவள் ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. நானூறை அடித்தாள். ஊசிவால் இந்த வருடம் வரவே இல்லை என்று பக்கத்தில் பூஜ்யச் சுழி போட்டாள். குழுவில் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தபோது வராத அழுகை அந்தச் சுழியைப் போட்டதும் வந்தது.