அடுப்பக்காவின் மல்லிகைத் தேநீர்

அந்தப் பகுதியில் யார் வீட்டு அடுப்பு மக்கர் பண்ணினாலும் முதல் போன் அடுப்பக்காவுக்குத்தான் போகும். கேஸ் அடுப்பு ரிப்பேர் அவள் தொழில். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு காக்கிப் பை தொங்கும். அதற்குள் ஸ்பேனர்கள், பர்னர் துளையைக் குத்தி எடுக்கும் நீள ஊசி, வாஷர் டப்பா, கிரீஸ், சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டில். கதவைத் திறந்த ஒருவர், "ரிப்பேருக்குப் பொம்பளையா வந்திருக்கீங்க?" என்று வாயைப் பிளந்தபோது, "அடுப்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதுங்க, வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனவள் அவள்.

முதலில் ஓர் அடுப்புக் கம்பெனியின் சர்வீஸ் கடையில் போன் எடுக்கும் வேலையில்தான் இருந்தாள். "மெக்கானிக் இதோ வந்துட்டே இருக்கார்" என்று நாள் முழுக்கப் பொய் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் தானே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதன்பின் நாற்காலிக்குத் திரும்பவில்லை.

வீட்டுக்காரர் தையல்காரர். பள்ளிச் சீருடைதான் அவருக்குப் பிழைப்பு. வாசலை ஒட்டிய அறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தாரென்றால் மெஷின் பேசும், அவர் பேசமாட்டார். ஒரே மகள். வேறு ஊரில் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம்.

மல்லிகைத் தேநீர் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது தற்செயலாக. அடுப்பு சரியான சந்தோஷத்தில் ஒரு வீட்டம்மா ஒரு சிறிய டப்பாவைக் கையில் திணித்தார். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. தையல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சோப்பு போட்ட வெந்நீர் மாதிரி இருக்கு" என்றார். அவர் அன்று பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அவளுக்கோ அது பிடித்துப்போனது. சாயங்காலம் வேலை முடிந்து, நகக்கண்ணில் ஏறிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பால்கனியில் மல்லிகைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு குவளை குடித்தால், அன்றைய நாள் முழுக்க யார் யார் வீட்டிலோ குனிந்து கிடந்த முதுகு நிமிர்ந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் போன் அடித்தாலும் எடுக்கமாட்டாள். கொஞ்ச நாளில் தையல்காரரும் தன் குவளையோடு வந்து நிற்க ஆரம்பித்தார். எதுவும் சொல்லவில்லை, வந்து நின்றார், அவ்வளவுதான்.

பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆளை அடித்துப் போட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது தேநீர். அவரே போட்டுக் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தவள் குவளைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, தேயிலை போட மறந்துட்டீங்களா? வெறும் தண்ணியா இருக்கு."

"போட்டேனே. வீடே மணக்குது" என்றார் அவர்.

அவளுக்கு எதுவும் மணக்கவில்லை. சோப்பை முகர்ந்தாள், கிரீஸ் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள், பழைய செருப்பைக்கூட எடுத்து முகர்ந்தாள். மூக்கு கல்லாகக் கிடந்தது. உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். உடம்பு தேறியது. மூக்கு தேறவில்லை.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்தது ஒரு காற்றடித்த மதியத்தில். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அதே சமையலறையில் நின்று ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காற்றில் சுடர் அணைந்ததைக் கவனிக்கவில்லை. திடீரென்று தையல்காரர் பாதி தைத்த சட்டையோடு ஓடிவந்தார்.

"கேஸு! கேஸு! உள்ள நின்னுட்டு என்ன பண்றே?"

அடுப்பின் குமிழைத் திருகி மூடினார், ஜன்னல்களை அடித்துத் திறந்தார், அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பால்கனியில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஊர் முழுக்க "சின்ன வாசம் வந்தாலும் அலட்சியம் பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், தன் வீட்டில் கேஸ் நிறைந்த அறையில் நின்று ஸ்பேனருக்கு மெருகேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் மகள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"போதும்மா இந்த வேலை. வாசனை தெரியாம கேஸ் வேலை செய்யறது நெருப்போட விளையாடுறது. வேற எத்தனையோ வேலை இருக்கு."

"இருக்கு. எனக்குப் பிடிச்சது இதுதான்."

"அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்."

அப்பா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "அவ சொன்னா கேக்கற ஆளா?" என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர். "காய்ச்சல்ல நரம்பு அடிபட்டிருக்கு. மருந்து மாத்திரைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வாசனைகளைக் காலையிலயும் சாயங்காலமும் மூக்குகிட்ட வச்சு, அது எப்படி இருந்ததுன்னு நினைச்சுப் பார்த்துக்கிட்டே முகருங்க. விடாம செய்யணும். வரலாம். வராமலும் போகலாம்."

"வரலாம்னு சொன்னீங்கல்ல, அது போதும்" என்று எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு முடிவுகள் எடுத்தாள். முதலாவது, வேலையை விடுவதில்லை. ஆனால் யாரையும் ஏமாற்றுவதும் இல்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குள் போனாலும் பையை இறக்கும் முன் சொல்லிவிடுவாள்: "எனக்கு இப்ப மூக்கு வேலை செய்யலை. கசிவு இருக்கான்னு சோப்பு நுரை போட்டுப் பார்த்துடுவேன், நுரை பொய் சொல்லாது. ஆனாலும் முடிக்கிறவரைக்கும் நீங்க பக்கத்துல நிக்கணும். வாசம் வந்தா உடனே குரல் குடுக்கணும். சம்மதம்னா ஆரம்பிக்கிறேன்."

சிலர் சம்மதித்தார்கள். சிலர் "அப்புறம் கூப்பிடறோம்" என்று கதவைச் சாத்தினார்கள். அந்த அப்புறம் மாதக்கணக்கில் வரவேயில்லை. வாடிக்கையாய் அழைத்துக்கொண்டிருந்த ரொட்டிக் கடைக்காரர், "மூக்கில்லாத மெக்கானிக்கா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அவள் சுருக்கென்று வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் ஒருத்தர் மட்டும், "நான் நிக்கிறேன்மா, தாராளமா நிக்கிறேன். ஆனா எனக்கு நேத்துலேர்ந்து ஜலதோஷம்" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது முடிவு, வாசனையைத் தேநீர் வழியாகத் திருப்பிக் கொண்டுவருவது. மூக்குக்கு எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிந்தது அதுதான். ஆனால் கடை டப்பாவின்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே இருப்பது பூ மணமா, சொட்டு மருந்து மாதிரி விட்ட எசென்ஸா, யாருக்குத் தெரியும்? எதை முகர்கிறோம் என்று தெரிய வேண்டும். ஆகவே மணம் எதுவும் சேர்க்காத கிரீன் டீ இலை வாங்கி, தொட்டியில் பூக்கும் மல்லிகையைக் கொண்டு தானே மணமேற்றுவது என்று இறங்கினாள்.

முதல் தடவை, தேயிலையும் பூவுமாகப் பாட்டிலில் அடைத்து, அப்படியே விட்டுவிட்டாள். பூவின் ஈரத்தில் தேயிலை பூசணம் பிடித்தது. தையல்காரர் மூடியைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "துவைக்காம மூட்டை கட்டின துணி மாதிரி இருக்கு." கொட்டினாள். அடுத்த தடவை பூவை எடுத்துவிட்டு, ஈரம் போகட்டும் என்று வாணலியில் போட்டுக் கிளறியதில் தேயிலை கருகியது. அதையும் கொட்டினாள். பிறகுதான் கை பழகியது. மதிய வெயிலில், நாளைக்கு விரியலாமா இன்றைக்கே விரியலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பருத்த மொட்டுகளாகப் பார்த்துப் பறிப்பாள். சாயங்காலம் அவை வாய் திறக்கும்போது, தேயிலை ஒரு படை, பூ ஒரு படை என்று அகலமான டப்பாவில் பரப்பி மூடுவாள். காலையில் வாடிய பூக்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தேயிலையைத் தட்டில் பரப்பி, அடுப்பை எரித்து அணைத்த சூட்டுக்கு மேலே வைத்து உலர்த்துவாள். மறுநாள் புதுப் பூ. இப்படித் தேயிலை தாங்குகிற மட்டும்.

தேநீர் போடுவதிலும் அதே கறார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது, கொதித்தால் கசந்துவிடும். அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பும்போதே இறக்கி, தேயிலைமேல் ஊற்றி, தட்டை வைத்து மூடிவிட வேண்டும். இலை மெல்லச் சுருள் பிரியும்வரை காத்திருந்து, தட்டைத் தூக்கி, முதல் ஆவியில் முகத்தைக் காட்ட வேண்டும். காலையும் சாயங்காலமும் அவள் காட்டினாள். ஆவி சுட்டது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"எப்படி இருக்கு, சொல்லுங்க" என்பாள் கணவரிடம்.

"நல்லாயிருக்கு."

"நல்லாயிருக்குன்னா?"

"நல்லாயிருக்குன்னா நல்லாயிருக்கு."

அவளுக்கு வந்ததே கோபம். "ஒருத்தர் வந்து, 'என் பையன் நல்லா வளர்ந்திருக்கான், சட்டை தைங்க'ன்னா தைப்பீங்களா? அளவு கேப்பீங்கல்ல? எனக்கும் அளவு வேணும். சரியாச் சொல்லுங்க."

தையல்காரர் குவளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "முதல்ல பூ வருது... பறிச்ச பூ இல்ல, செடியில இருக்கற பூ. அதுக்குப் பின்னாடி ஈரப் புல்லு. கடைசியில... புதுத் துணியைக் கட்டுப் பிரிச்சா வருமே, அந்த மாதிரி லேசா ஒண்ணு."

அவள் கண்களை மூடிக்கொண்டு, அவர் சொன்ன வரிசையிலேயே பூவையும் புல்லையும் துணியையும் மனதுக்குள் தேடினாள். அன்றிலிருந்து இரண்டு வேளையும் இதுதான். அவர் சொல்வார், அவள் தேடுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தைகளை அவள் கேட்டதில்லை. வாசனை தெரியாத அந்த நாட்களில் தேநீர் அவளுக்கு ருசித்ததென்றால் அது அவர் பேச்சால்தான்.

மாதங்கள் போயின. ஒருநாள் காலை தட்டைத் தூக்கியதும் மூக்கில் ஏதோ ஏறியது. "வருது!" என்று கத்தினாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மல்லிகைத் தேநீர் எரிந்த ரப்பர் மாதிரி நாறியது. அதோடு நிற்கவில்லை. வெங்காயம் நாறியது, சோப்பு நாறியது, கணவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் நாறியது. சாப்பாடு இறங்காமல் கன்னம் ஒட்டிப்போனது.

"விட்டுடும்மா. வெறும் தண்ணியைக் குடி" என்றார் அவர்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு இந்த நாத்தம் மேல். மூக்கு முழிச்சிருச்சு, பாதித் தூக்கத்துல உளறுது, அவ்வளவுதான்."

டாக்டரும் போனில் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்: நரம்பு திரும்ப வளரும்போது இப்படி ஆவதுண்டு, நிறுத்தாதீர்கள் என்று. அவள் நிறுத்தவில்லை. மூக்கைச் சுளித்து, கண்ணில் நீர் வழிய, எரிந்த ரப்பரை வேளை தவறாமல் முகர்ந்தாள். ஆறவிட்டு ஒரு வாயாவது குடித்தாள். லீவுக்கு வந்த மகள் இதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இவ்வளவு வீம்பா?" என்றாள்.

"வீம்புதான். வேற என்ன இருக்கு என்கிட்ட?" என்றாள் அம்மா. அடுத்த நாள் காலை மகளே தண்ணீரைச் சுடவைத்து, சரியான நேரத்தில் இறக்கினாள்.

பூக்கும் காலம் முடிந்தது. செடியின் கிளைகளைக் கழித்துவிட்டு, சேர்த்துவைத்த தேயிலையில் ஓட்டினார்கள். நாற்றம் ஒரே நாளில் போகவில்லை. ரப்பர் நீர்த்துப் புகையானது, புகை நீர்த்துப் பழைய காகிதமானது. மறுபடி செடி துளிர்த்து, மொட்டு வைத்து, புதுத் தேயிலைக்கு மணமேற்றி, முதல் தேநீர் போட்ட சாயங்காலம். தட்டைத் தூக்கியவள் சற்று நேரம் அசையாமல் குனிந்திருந்தாள். பிறகு குவளையைக் கணவர் பக்கம் தள்ளினாள்.

"சொல்லுங்க."

"பூ நல்லா வருது. பின்னாடி ஈரப் புல்லு..."

"இன்னைக்குப் புல்லு வாசம் இல்லையே."

அவர் மீண்டும் குனிந்து முகர்ந்தார். "ஆமா, இல்ல. பழக்கதோஷத்துல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். குவளையைக் கீழே வைத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. தோளில் போட்டபடி வந்திருந்த, பாதி தைத்த சட்டையின் ஓரத்தாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். அது யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் சட்டை. பிறகு அதைத் துவைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாமே திரும்பி வந்துவிடவில்லை. வெங்காயம் இன்றைக்கும் தார் மாதிரிதான் இருக்கிறது. சமையலறையில் அது வதங்கும்போது அவள் பால்கனிக்குப் போய்விடுவாள். கேஸ் வாசம் தெரிகிறது, ஆனால் முன்போல் அல்ல, திரைக்குப் பின்னால் யாரோ பேசுகிற மாதிரி. அதனால் அந்தப் பேச்சை அவள் நம்புவதில்லை. சோப்பு நுரை போடாமல் எந்த வீட்டையும் விட்டு வருவதில்லை, வீட்டுக்காரர்களைப் பக்கத்தில் நிற்கவைப்பதையும் விடவில்லை. போன வாடிக்கைகளில் பாதி திரும்பியது. பாட்டு டீச்சர் சொல்லிச் சொல்லி அவர் தெருவே புதிதாய்ச் சேர்ந்தது. ரொட்டிக் கடைக்காரர் கூப்பிடவில்லை. அவளும் அந்தப் பக்கம் பார்த்து ஏங்கவில்லை.

போன வாரம் இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. என்னவோ தோன்றி எடுத்தாள். மறுமுனையில் பதற்றமாக ஒரு பெண் குரல், சுடர் மஞ்சளாக எரிகிறது, பாத்திரமெல்லாம் கரி என்றது.

"வாசம் ஏதாவது வருதா? இல்லையா? சரி, பர்னர்தான் அடைச்சிருக்கும். அணைச்சுட்டு, சிலிண்டரையும் மூடி வைங்க. வரேன்."

"உடனே வர முடியுமாக்கா?"

அடுப்பக்கா தட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். இலை இப்போதுதான் பிரிந்துகொண்டிருந்தது.

"டீ குடிச்சிட்டு வரேன்மா" என்றாள்.