தொண்ணூறாவது நாள்

இது நடந்தது. நடந்த இடம் வேங்கிக்கால். எந்த அலுவலகம், எந்தத் துறை என்பது மட்டும் வேண்டாம். அங்கே இன்னும் பதினைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். எழிலைக் கேட்டால் நிமிடக் கணக்கோடு சொல்வாள். அவளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்று மாலை ஆறு மணி வரை கிடையாது.

எழில் சம்பளப் பிரிவில் உதவியாளர். சேர்ந்து எட்டு மாதம். யார் நிரந்தரம், யார் தற்காலிகம், யார் எந்த ஊதிய நிலையில் வருவார் என்று வகை பிரித்துக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. அன்று மேசையில் கிடந்தது செத்துப்போன ஒருவரின் ஃபைல். கோதண்டராமன், அலுவலகக் காவலர்.

பதினோரு வருடம் அவர் தற்காலிகமாகவே இருந்தார். தற்காலிக ஆட்களை அங்கே எண்பத்தொன்பது நாளைக்குத்தான் எடுப்பார்கள். தொண்ணூறாவது நாள் ‘பிரேக்’. வருகைப் பதிவேட்டில் அந்தத் தேதிக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. மறுநாள் புதிதாகச் சேர்ந்ததாக மறுபடியும் கையெழுத்து. தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் நாளைக்கு உரிமை கேட்டுவிடக் கூடாதே! கோடு காகிதத்தில்தான். அந்த நாளிலும் அவர் வந்து காவல் காப்பார் என்று ஊருக்கே தெரியும். கையெழுத்து மட்டும் கிடையாது.

போன வருடம் அப்படி ஒரு சிவப்புக் கோட்டு நாளில், பன்னிரண்டாம் தேதி, எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப் பெஞ்சில் அவர் இறந்து கிடந்தார். மாரடைப்பு. பணியில் இருக்கும்போது இறந்தார் என்று எழில் எழுதினால் அவர் நிரந்தரப் பணியாளர் வகையில் சேர்வார். மகள் சினேகாவுக்கு வாரிசு வேலை கிடைக்கும். பணியில் இல்லை என்று எழுதினால் அத்தோடு முடிந்தது.

மூன்று மணிக்கு அவர் மனைவி கன்னியம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“நீயும் அவங்க ஆளுதான?” என்றாள். “எழுது, நல்லா எழுது. என் பொண்ணுக்கு இல்லன்னு ஆச்சுன்னா, மலை மேல தீபம் ஏத்துற அன்னைக்கு உன் பேரைச் சொல்லி மண்ணை வாரி விடுவேன். பாத்துக்க.”

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று எல்லோரும் நாலரைக்கே கிளம்பிவிட்டார்கள். கண்காணிப்பாளர் மூர்த்தி மட்டும் 5.50 வரை இருந்தார்.

“காலையில ஃபைல் என் டேபிள்ல இருக்கணும். பிரேக்ல இருந்தான், சர்வீஸ்ல இல்ல. அவ்ளோதான்.”

“அன்னைக்கும் அவர் வேலைக்கு வந்தார்னு சொல்றாங்க, சார்.”

“கையெழுத்து எங்க இருக்கு? காட்டு.” ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். “உனக்கு இன்னும் புரொபேஷன் முடியலம்மா. என் கையிலதான் இருக்கு. ஞாபகம் வெச்சுக்க.”

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

5.58. போன வருடப் பதிவேட்டைப் பார்க்க எழில் ஃபைலோடு மாடியின் கடைசியில் இருந்த பதிவறைக்குள் போனாள். மொபைல் ஹாலில் மேசை மேலேயே கிடந்தது. பதிவேட்டைத் தூசி தட்டித் திறந்தாள். பன்னிரண்டாம் தேதி. சிவப்புக் கோடு. கோட்டின் மேல் எதுவும் இல்லை. வேறு மாதங்களையும் புரட்டினாள். இன்னும் மூன்று சிவப்புக் கோடுகள். எல்லாம் வெறுமை. அங்கேயே உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தாள். என்ன செய்வது, வயிற்றுப்பாடு.

6.04. ஹாலில் டக் என்றது.

ஜன்னல் கொண்டி விழுகிற சத்தம். காற்று என்று நினைத்தாள். ஆனால் காற்று ஜன்னலைச் சாத்தும், கொண்டி போடாது.

டக். இரண்டாவது ஜன்னல்.

“யாரு?”

சாயங்காலம் ஜன்னல் சாத்துவது காவலர்தான். காவலர் வேலைக்கு இன்னும் ஆளே போடவில்லை. அந்த இடம் பதினான்கு மாதமாகக் காலி.

டக்... டக்... ஒரே சீராக, ஒவ்வொரு ஜன்னலாக. அவசரமில்லாமல். பழகிய கை.

ஹாலில் ஒன்பது ஜன்னல்கள். எண்ண வேண்டாம் என்று நினைத்தபடியே எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பது பதிவறைக்குப் பக்கத்தில்.

டக்.

பிறகு அமைதி. சீக்கிரம் எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று பேனாவை எடுத்தாள். ‘அன்னார் அன்றைய தினம் பணியில் இல்லை’ என்று எழுதினாள்.

புள்ளி வைத்ததும் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் நகர்ந்தது. க்ரீச்...

6.17.

கதவை இழுத்தாள். உதைத்தாள். கத்தினாள். கீழே பௌர்ணமி பஸ்களின் ஹாரன். யாருக்குக் கேட்கும்?

ஹால் விளக்குகள் அணைந்தன. வரிசை வரிசையாக.

பதிவறை விளக்கு மட்டும் எரிந்தது.

அதன் கீழே பதிவேடு திறந்து கிடந்தது. பன்னிரண்டாம் தேதி. சிவப்புக் கோட்டின் மேல் ஒரு கையெழுத்து. கோணல் மாணலாக, நீல மையில். விரலை வைத்தாள். ஈரம்... விரலில் ஒட்டியது.

புரட்டினாள். இன்னொரு கோடு. கையெழுத்து. இன்னொன்று. கையெழுத்து. நான்கிலும்.

மறுபடி பன்னிரண்டாம் தேதிப் பக்கம். பெயர்ப் பட்டியலின் அடியில் புதிதாக ஒரு பெயர்.

எழில்.

போன வருடப் பதிவேடு அது. அப்போது அவள் இந்த ஊருக்கே வரவில்லை.

அந்தப் பெயருக்கு நேரே, பன்னிரண்டாம் கட்டத்தில், சிவப்புக் கோடு.

இன்று தேதி பன்னிரண்டு.

அவளுக்குப் புரிந்தது. இன்று அவளுக்கு ‘பிரேக்’. இந்த அறையில் அவளுக்கு என்ன ஆனாலும்... அவள் பணியில் இல்லை.

முதுகுக்குப் பின்னால் மூச்சு.

இழுத்து... இழுத்து...

“எழுது.”

அவ்வளவுதான் அந்தக் குரல்.

திரும்பவில்லை. பேனாவை எடுத்தாள். எழுதிய வரியை அடித்தாள். ‘அன்னார் பணியில் இருந்தார்.’

கையெழுத்துப் போட்டாள்.

மூச்சு போகவில்லை.

காதருகே வந்தது.

ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறது போல...

6.41. தாழ்ப்பாள் நகர்ந்தது.

ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மொபைலை எடுத்தாளா, படியில் இறங்கினாளா, எதுவும் நினைவில்லை. எதிரே ரஹமத் பாயின் டீக்கடையில்தான் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விரலில் நீல மையைப் பார்த்தார். ஸ்டூலை நகர்த்தினார்.

“ரெக்கார்டு ரூமா, மேடம்?”

தலையாட்டினாள்.

“என்னா எழுதினீங்க?”

“பணியில் இருந்தார்னு.”

அவர் ஸ்டவ்வைக் கம்மி பண்ணினார்.

“அங்கதான் வுழுந்தாரு, டீ கொண்டு போனப்ப பாத்தேன். பெஞ்சுல இல்ல. மூர்த்தி சாரும் இன்னொருத்தரும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு தூக்கிக்கினு வந்து இங்க உக்கார வெச்சாங்க. பிரேக் நாள்ல ஆஃபீஸுக்குள்ள செத்தான்னா கேள்வி வரும்னு. ஆஃபீஸுக்கு மூணு வேளையும் என் கடை டீதான் போவுது. நான் வாயைத் தொறக்கல.”

“இதை எழுதிக் குடுப்பீங்களா, பாய்?”

“நீங்களே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணை வுட்டுடாதீங்க.”

“என்ன?”

“ஆம்புலன்ஸ் கூப்பிடட்டான்னு நான் கேட்டேன். ‘இரு, ஆவட்டும்’னாரு சார். பெஞ்சுல உக்கார வெச்சப்ப அவருக்கு உயிர் இருந்துச்சு, மேடம். முக்கால் மணி நேரம் இருந்துச்சு.”