வைரம் மவுஸைத் தூக்கிய கதை

மவுஸைத் தள்ளித் தள்ளி மேசை முடிந்துவிட்டது. திரையில் அம்பு போகவேண்டிய தூரமோ இன்னும் பாதி இருக்கிறது. இப்போது என்ன செய்வது? எதிர்வீட்டு வைரம் இதை முதலில் என்னிடம்தான் கேட்டார். பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்குப் போன் திரையை விரலால் தள்ளித்தான் பழக்கம். கடைசியில் பதிலை அவரேதான் கண்டுபிடித்தார்.

வைரம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறார். வைர முனை வைத்த கட்டர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அதனால் வந்த பெயர். அந்த வேலையில் அவருக்கு ஒரே சட்டம்தான். கோடு போட ஆரம்பித்தால் மறுமுனை வரும்வரை கையைத் தூக்கக்கூடாது. நடுவில் தூக்கினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும்.

ஒரு திங்கட்கிழமை கடைக்கு வெட்டும் மெஷின் வந்து இறங்கியது. வெட்டுவதை அது பார்த்துக்கொள்ளும். எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்று கம்ப்யூட்டரில் அடுக்கிக் காட்ட மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

"சனிக்கிழமை வரைக்கும் டைம்," என்றார் முதலாளியம்மா. "ஒரு முழுக் கண்ணாடி ஷீட்டை நீங்களே அடுக்கிக் காட்டிட்டா மெஷின் உங்களுக்கு. இல்லன்னா வேற ஆளைப் போட்டுட்டு, உங்களை லோடு ஏத்தற பக்கம்தான் அனுப்பணும்."

இத்தனை வருடம் வெட்டிய கண்ணாடியை இனிமேல் சுமப்பதா? வைரத்தின் முகம் தொங்கிப்போனது.

பில் போடும் பெண் சொல்லிக்கொடுக்க வந்தாள். மவுஸைப் பிடித்து இங்கேயும் அங்கேயும் நாலு ஓட்டு ஓட்டினாள். "அவ்வளவுதாண்ணே. கை தானா பழகிடும்." கவுன்டரில் யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

பட்டனை அழுத்திப் பிடித்து, திரையில் ஒரு துண்டுக்கான கட்டத்தை இழுப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நூல் பிடித்தாற்போல் நேராக இழுத்தார். இழுத்துக்கொண்டே போனதில் மேசை முடிந்து, மவுஸ் விளிம்பில் தொங்கியது.

"என்ன தங்கச்சி, இதுக்குப் போக இடமே பத்தல?"

"உங்க கை நீளம்ணே. கொஞ்சம் சுருக்கிக்குங்க!"

மறுநாள் நீளமான பலகை ஒன்றைக் கொண்டுவந்து மேசையோடு ஒட்டிப் போட்டார். மவுஸுக்கு வழி கிடைத்தது. வயருக்குத்தான் நீளம் போதவில்லை. இழுத்த இழுப்பில் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து கழன்று கையோடு வந்தது.

"விட்டா ரோடு வரைக்கும் பலகை போட்டுடுவீங்க போலிருக்கே!" என்றாள் பில் போடும் பெண். கடையே சிரித்தது. வைரமும் சிரித்தார். ஆனால் அன்று மதியச் சாப்பாடு அப்படியே வீடு திரும்பியது.

மனைவி டப்பாவைத் திறந்து பார்த்தார். "ஆள் உயரக் கண்ணாடியெல்லாம் உங்க பேச்சைக் கேக்குது. கைக்குள்ள அடங்கற சாமானா கேக்காது? முதல்ல உக்காந்து சாப்பிடுங்க."

வியாழக்கிழமை ஒருவர் தன் கடை முகப்புக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். மூன்று மீட்டர் நீளம். வைரத்திடம் இருந்ததோ ஒரு மீட்டர் ஸ்கேல். வைத்தார், முனையில் புள்ளி போட்டார், தூக்கினார், புள்ளியிலிருந்து மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

"சார், ஒரு நிமிஷம்!"

ஸ்கேலோடு கம்ப்யூட்டருக்கு ஓடினார். மவுஸை விளிம்புவரை தள்ளினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். அம்பு நின்ற இடத்திலேயே நின்றது. மவுஸை நடுவில் வைத்துத் தள்ளியதும், விட்ட இடத்திலிருந்து கிளம்பியது.

"தங்கச்சி! இதைத் தூக்கலாமா?"

"தூக்காம எப்படிண்ணே ஓட்டுவீங்க?"

"நீ சொல்லவே இல்லையே!"

அவள் வந்து மவுஸை ஓட்டினாள். தன் கையையே உற்றுப் பார்த்தாள். நகம் அளவுக்கு அது எழும்பி எழும்பி இறங்கியது. "அட, ஆமா! நான் தூக்கறது எனக்கே இப்பதான் தெரியுது."

மூன்று நாளாக மவுஸைக் கட்டர் மாதிரி பிடித்திருந்தார் மனிதர். ஸ்கேல் மாதிரி பிடிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். பதினொரு ஜன்னல் கண்ணாடிகள், ஆறு ஒடுக்கமான துண்டுகள். எல்லாவற்றிலும் பெரியதைக் கடைசியாக இடது மூலையிலிருந்து வலது மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் மேசை முடிந்தது. பில் போடும் பெண் நகத்தைக் கடித்தாள். பட்டனிலிருந்து விரலை எடுத்தால் துண்டு மற்றவற்றின்மேல் விழும். வைரம் பட்டனை விடாமல் மவுஸை மட்டும் தூக்கி, நடுவில் வைத்து, மிச்ச தூரத்தைத் தள்ளினார். துண்டு மூலையில் போய் அமர்ந்தது.

அதோடு விடவில்லை. இரண்டு ஒடுக்கத் துண்டுகளைப் பிடித்து வேறு பக்கம் இழுத்தார்.

"எல்லாம்தான் உக்காந்துடுச்சே. ஏன் கலைக்கறீங்க?"

"ஓரத்தைப் பாருங்கம்மா. அப்படியே விட்டா ரெண்டு குச்சிதான் மிஞ்சும், தூக்கிப் போடணும். இப்படி வச்சா இன்னொரு ஜன்னலுக்கே முழுசா மிஞ்சுது."

முதலாளியம்மா திரையைப் பார்த்தார். பிறகு வைரத்தைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை மெஷினை நீங்களே ஆன் பண்ணுங்க. ஆனா முதல்ல அந்தப் பலகையை எடுங்க. நேத்துகூட முட்டியில இடிச்சுக்கிட்டேன்."

உங்களுக்குத் தெரிந்த யாராவது மேசை விளிம்பில் மவுஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இருந்தால் அவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.