தரையில் வரைந்த கப்பல்

புனேயை ஒட்டிய நிக்டிக்கு வந்த பிறகு, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் கப்பல்துறையில் என்பேன். ஆபீஸிலா என்பார்கள். ஆமாம் என்று முடித்துக்கொள்வேன். கடலே இல்லாத ஊரில் அதற்கு மேல் விளக்கத் தோன்றியதில்லை. என் மகளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

போன வருடம் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, மகள் போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். கொங்கணக் கரையில் நான் வேலை பார்த்த பழைய கப்பல்துறைக் கட்டடங்களைக் கடற்படை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். படத்தில் இருந்த நீண்ட கூடத்தைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் காரில் மலையிறங்கினோம்.

வாசலில் இரண்டு பீரங்கிகள், உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் கப்பல் மாதிரிகள், பழைய கொடிகள். மகள் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். நான் நேராக மாடிக்குப் போனேன். தேக்கு உத்தரங்கள் அப்படியே இருந்தன. சுவர்ப் பலகையில் கூடத்தின் வரலாற்றை எழுதியிருந்தார்கள்: முதலில் பாய்மரக் கப்பல்களுக்குப் பாய் தைத்த இடம், பின்னால் பண்டகசாலை. இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் எழுதவில்லை. தரையில் இருந்த கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை, சரக்குப் பெட்டிகளை இழுத்ததால் ஏற்பட்ட கீறல்கள் என்றது.

இருபத்தாறு வருடம் நான் மண்டியிட்டு வேலை செய்த தரை அது.

காகிதத்தில் கையகலம் இருக்கும் கப்பலை முழு அளவில் வரைந்து பார்க்காமல் கட்ட முடியாது. அதை நாங்கள் அந்தத் தரையில் வரைந்தோம். கருப்புப் பூசிய தரைப்பலகையில், வளையும் மெல்லிய மரச்சட்டத்தை ஆணிகளுக்கு நடுவே நிறுத்தி, சாக்பீஸால் கோடு இழுத்து, சரி என்று தெரிந்த பிறகு கூர் உளியால் கீறி வைப்போம். அதன் மேல் அச்சு எடுத்துத்தான் கீழே இரும்பை வளைப்பார்கள். படம் நகலெடுக்க வேலைக்குச் சேர்ந்த என்னை, எண்கள் தெளிவாக எழுதுகிறேன் என்று தரை வேலைக்கு அனுப்பினார்கள். பதினோரு பேரில் நான் ஒருத்திதான் பெண்.

அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

மகள் என் கையைப் பிடித்தாள். "சோடோ மா, விடு. யாரு இதெல்லாம் படிக்கப் போறா?"

"நான் படிச்சுட்டேன்ல" என்றேன்.

பொறுப்பாளர் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றவர், மராத்திக்காரர். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. இந்தக் கட்டடங்களை இடிப்பதாக இருந்தது, உத்தரங்கள் உறுதியாக இருந்ததால்தான் தப்பின, பழைய ஆவணங்கள் வெள்ளத்தில் போய்விட்டன, கிடைத்த காகிதங்களை வைத்து எழுதினோம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காகிதத்தில் இல்லாததை அவர் எப்படி எழுதுவார்?

செருப்பைக் கழற்றிவிட்டு, கோடுகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினேன். மகளின் போனில் டார்ச்சைப் போடச் சொல்லி அதைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் கோடுகள் எழுந்து வந்தன. ஒரு வளைவின் மேலேயே அடி எடுத்து வைத்து நடந்தேன். முட்டி வலித்தது, நிற்கவில்லை. ஓரத்தில் எண்கள் இருந்தன. ஒன்றும் ஏழும் குழம்பக்கூடாது என்று ஏழின் நடுவில் நான் போடும் குறுக்குக்கோடும் இருந்தது. அவரைக் கூப்பிட்டு, என் கைப்பையிலிருந்த பேனாவால் ஒரு ரசீதின் பின்பக்கம் அதே ஏழை எழுதிக் காட்டினேன்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் ஷூவைக் கழற்றினார். கோட்டின் மேல் என் பின்னாலேயே வந்து, கோடுகள் ஒன்றுசேரும் இடத்தில் நின்று, "இது முன்பக்கம், இல்லையா?" என்று மராத்தியில் கேட்டார். ஆமாம், துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுக்கும் படகு, நாங்கள் கடைசியாக வரைந்தது என்றேன்.

மகள் இன்னும் டார்ச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "நீ கப்பல் கட்டினியா அம்மா?"

"நான் வரைஞ்சேன். அதைப் பார்த்துதான் கட்டுனாங்க."

 திரும்பும் வழி முழுக்க, எத்தனை கப்பல், எத்தனை நாள், கோடு தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தவறினால் அழித்து மறுபடி மண்டியிட வேண்டியதுதான் என்றேன். திங்கட்கிழமை மகர்பட்டாவில் அவள் ஆபீஸ் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அந்த அதிகாரி நிக்டி வீட்டுக்கே வந்தார். காபி குடித்துவிட்டு ரெக்கார்டரை மேசையில் வைத்தார். இரண்டு நாள் பேசினேன். பாதி மராத்தி, பாதி இந்தி. கடைசியில், சுவர்ப் பலகையில் உங்கள் பெயரைப் போடுகிறோம் என்றார். பதினோரு பேரையும் போட்டால் சம்மதம் என்றேன். பட்டியல் இல்லையே என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். ஒரு பெயருக்குக்கூட நான் யோசிக்கவில்லை.

இப்போது அந்தக் கூடத்தில் கயிறு இல்லை. தரைக்கு எண்ணெய் பூசி, கோடுகளில் வெள்ளை நிரப்பியிருக்கிறார்கள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கப்பலின் நீளத்துக்கு நடக்கலாம். பலகையில் பாய் தைத்தவர்களுக்கும் பண்டகசாலைக்கும் நடுவில் எங்கள் பத்தி இருக்கிறது.

போன மாதம், என்னோடு மரச்சட்டம் பிடித்த ரத்னகிரிக்காரர் போன் செய்தார். எண்பதைத் தாண்டியவர். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தாராம். அவர் பெயருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். நாலாவது வரியில் இருக்கிறேன் என்றார். நான் ஏழாவது வரி என்றேன்.

"மாலூம் ஹை, தெரியும்" என்று சிரித்தார். "அதையும் படிச்சுக் காட்டினேன்."