ஸ்பார்ட்டா இருந்த இடத்தில் வதனி

மொன்றியலில் கோப்பி தேடி நடக்கிறேன். ஓர் உணவகத்தின் முன்னால், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஏணியில் நின்று ‘ஸ்பார்ட்டா’ என்ற பலகையைக் கழற்றிவிட்டு ‘வதனி’ என்று புதிதாக மாட்டுகிறார். கடையை அவருக்கு விற்ற கிரேக்க முதியவர் ஏணியைப் பிடித்திருக்கிறார்.

“இது ஆற்றை பேர் அண்ணை?” என்று கேட்கிறேன்.

“என்ரை மனுசியின்ரை. முந்திக் கிரேக்கத்திலை லகெடைமோன் எண்ட ராசா நாட்டுக்குத் தன்ரை பேரையும், நகரத்துக்கு மனுசி ஸ்பார்ட்டாவின்ரை பேரையும் வைச்சவராம். இந்த ஐயா சொன்னவர்.”

“அவவுக்குச் சந்தோசமோ?”

“இல்லை. தன்ரை பேரைப் பாத்து ஆர் சாப்பிட வருவினம் எண்டு ரெண்டு நாளாய் என்னோட கதைக்கேல்லை.”

முதியவர் பலகையிலுள்ள ஆங்கில எழுத்துகளைக் கூட்டி, “வதனி” என்று உரக்க வாசிக்கிறார்.

“ஓம், வாறன்” என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது. கையைத் துடைத்தபடி வெளியே வந்த வதனி, பலகையை நெடுநேரம் அண்ணாந்து பார்க்கிறார்.

“இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு,” என்கிறார் கணவரிடம்.

அவர் சிரித்துக்கொண்டே ஆணியைத் தளர்த்துகிறார்.